லயத்தில் குடியிருக்கும் வரை

உன் தகரக் குழாய் இன்று காலை என் மேசைக்கு வந்தது. மூடியைத் திருகியதும் தேயிலை வாசம் அடித்தது. பார்க்கும் திசையெல்லாம் தேயிலை நிற்கும் இந்த ஊரில் அந்த வாசத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இது காகிதத்தோடு சேர்ந்து வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்த வாசம். மழைக்கால ஈரத்தில் உள்ளே இருக்கும் உறுதிப் பத்திரம் பூஞ்சணம் பூத்துவிடக் கூடாது என்று ஒரு பிடி தூளைப் பழந்துணியில் முடிந்து நீதான் உள்ளே போட்டாய். "பணக்காரனுக்கு இரும்புப் பெட்டி, நமக்குத் தூளு முடிச்சு" என்று சொன்னாய். முடிச்சு இன்னும் அவிழவில்லை.

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை மைக்கூட்டை நிரப்ப. ஒரு முறை ஜன்னலைச் சாத்த. பிறகு சாத்திய ஜன்னலைத் திறக்க. உனக்குக் கடிதம் எழுதுவது கேலிக்கூத்து என்று எனக்கே தெரிகிறது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. கடலுக்கு அப்பால், துறையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஓரத்தில் கரி தடவிய தபாலட்டை வந்தது. அதில் நாலே வரி. உன் தங்கை மகன் யாரையோ பிடித்து எழுதியிருந்தான். அதற்கு நான் பதில் போடவில்லை. இதுதான் பதில் என்று வைத்துக்கொள்.

குழாயைக் கொண்டுவந்தது செல்லாயி அக்கா. உங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இன்றுவரை அவள்தான் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியே தோள் இறங்கிப்போயிற்று. நம் ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு பிரித்த ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து இங்கே எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, யார் போவது யார் இருப்பது என்று. அக்கா பேர் போகிறவர்கள் பக்கத்தில் வந்துவிட்டது. லயத்தை விட்டுப் போவதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்கு எதிரே நாம் வைத்த வீட்டின் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும் என்று, யாரும் சொல்லாமலே, கூடவே ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்த உறுதியில் நீ சொல்லி எழுதிய பிரிவு அவளுக்கு மனப்பாடம். எனக்கும்தான்.

நீயும் நானும் ஒரே லயத்தில், வரிசையாய் முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் பிறந்தவர்கள். நடுச்சுவரில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதன் வழியாக ரொட்டித் துண்டு கைமாறும். என் மாமா ஹட்டனில் இருந்ததால் நான் எட்டாவது வரை படித்து டவுனில் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஐயாவின் கந்தோரில் எழுத்து வேலைக்கு வந்தேன். நீ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தாய். தொழிற்சங்கம் வந்தபோது தோட்டத்துத் தலைவரானாய். அதன்பின் என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கந்தோர்க்காரரே" என்பாய். நானும் சிரித்துக்கொள்வேன். அது குத்துகிறது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

உன் மனைவி ராமாயிக்குப் பிரசவ வலி கண்டு தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களே, அந்த மூன்று நாளும் எனக்கு மறக்காது. உள்ளே அவள். வெளியே நீ. கூட வந்தவர்கள் தங்க ஒரு கூரை இல்லை. எதிரே இருந்த மதகுக் கட்டையில் அவளுடைய மாற்றுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு தூறலில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப்போல மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாலைந்து பேர் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என் அறைக்கு வா என்று கூப்பிட்டேன். "அவ கூப்பிட்டா காது கேக்கணும்ல" என்று நீ நகரவில்லை. மதகுக்குப் பின்னால் கடை வைத்திருந்த காதர் நானா ஒரு சாக்கும் பிளேன்டீயும் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் மத்தியானம் நீ சேலையை உள்ளே கொண்டுபோனாய், அவளுக்கு உடுத்துவதற்கு அல்ல, போர்த்துவதற்கு. பிள்ளையும் தங்கவில்லை.

காதர் நானா அதை மறக்கவில்லை. சில வருஷம் கழித்து, கடைக்குப் பின்னால் சரக்குப் போட்டுவைத்த ஓட்டுக் கட்டடத்தைக் காட்டி நம் இருவரிடமும் அவர் பேசிய பேச்சு காதிலேயே இருக்கிறது.

"தம்பி, இதை ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒங்க ஆளுகளுக்குக் குடுத்துர்றேன். ஆனா ஒங்க பேர்ல எழுதினா நாளைக்கு ஒங்க சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க. என் பேர்ல கெடந்தா என் புள்ளைக வந்து நிக்கும். யாரும் வந்து நிக்காத மாதிரி எழுத முடியுமா?"

முடியும் என்று சொன்னது நான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காதர் நானா தன் வீட்டுக்கு முன்பே எங்கள் கந்தோரில் ஒரு குடும்ப நம்பிக்கைப் பொறுப்பு எழுதி வைத்திருந்தார். மூன்று பிள்ளைகள் பேரும் அதில் இருந்தது. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மச்சினர் கையில். பிள்ளைகள் தலையெடுத்ததும் அது முடிந்துவிடும். பொதுக் காரியத்துக்கு எழுதும் தர்ம சாதனம் அப்படியில்லை என்று நான் உனக்கு விளக்கினேன். அனுபவிக்கிறவர் பேர் அதில் வராது, என்ன காரியத்துக்கு என்பதுதான் வரும். கொடுத்தவருக்கும் அது சொந்தமில்லை, பொறுப்பில் இருப்பவருக்கும் சொந்தமில்லை. காரியம் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

"அப்ப யாருக்குத்தான்டா சொந்தம்?" என்று தலையைச் சொறிந்தாய்.

ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டு வெளியே நிற்கிறவன் எவனோ அவனுக்கு என்றேன். நீ தலையிலிருந்து கையை எடுத்தாய். பிறகு, "மதகுல ஒக்காந்திருக்கவனுக்கு" என்று மட்டும் சொன்னாய்.

வரைவு எழுத உட்கார்ந்தோம். நீ, செல்லாயி அக்கா, தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த மாடசாமி, நான். கட்டடத்தின் எல்லை, காரியம், சமையல் யார் செய்வது, ஒருவர் எத்தனை நாள் தங்கலாம் என்று எல்லாம் ஆனது. பொறுப்பாளர்கள் யார் என்ற இடம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முந்தின நாளே என் கையெழுத்தைப் பழைய காகிதம் ஒன்றில் நாலு தரம் போட்டுப் பார்த்திருந்தேன். சட்டம் தெரிந்தவன் நான். வழி சொன்னவன் நான். என் பேர் இல்லாமல் எப்படி?

நீ உன் பேரைச் சொன்னாய், அக்கா பேரைச் சொன்னாய், மாடசாமி பேரைச் சொன்னாய். பேனாவை நான் எடுக்கவில்லை. நாலாவது பேருக்குக் காத்திருந்தேன்.

"இதையும் எழுதிக்க. பொறுப்புல இருக்கிறவங்க லயத்துல குடியிருக்கணும். லயத்த விட்டுப் போற அன்னைக்குப் பொறுப்பும் போயிரணும்."

ஏன் அப்படி என்று கேட்டேன். குரல் மாறாமல்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"டவுனுக்குப் போனவங்களுக்கு ரெண்டே வருசத்துல லயம் மறந்துரும்டா. ஒன்னையே பாரு, நம்ம காம்பராவுக்கு வந்தா நாக்காலி தேடுற."

அக்கா சிரித்தாள். மாடசாமி சிரித்தான். நானும் சிரித்தேன். ஆறாம் பிரிவு என்று இலக்கம் போட்டு, நீ சொன்னதை அழகான எழுத்தில் எழுதினேன்.

எங்கள் நொத்தாரிசு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், பொடிமட்டை இல்லாமல் எதையும் வாசிக்கமாட்டார். வரைவைப் பார்த்து ஆறாம் பிரிவில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உது சரிவராது. லயம் தோட்டத்தாற்றை. துரை வேலையால நிப்பாட்டினால் அடுத்த நாள் காம்பராவும் இல்லை. இப்பிடி எழுதினால், தோட்டத்துத் துரை நினைச்ச நேரம் உம்மடை கூட்டாளியைப் பொறுப்பில இருந்து தூக்கலாம். அவரிட்டைச் சொல்லிப்போட்டு எழுதும்."

எனக்குச் சுரீர் என்றது. தோட்டத்தில் வேலை போனால் காம்பராவும் போகும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா என்ன? எத்தனை குடும்பத்தின் சட்டிபானை வாசலில் வீசப்பட்டபோது நீ காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய்ச் சண்டை பிடித்திருக்கிறாய். ஆனாலும் உறுதி எழுதும்போது அது உன் தலையில் ஏறவில்லை. உனக்கு லயம் என்றால் கம்பெனி கொடுத்த காம்பரா இல்லை. பிறந்த இடம், ராமாயியை அழைத்துக்கொண்டு வந்த இடம். அதை விட்டு ஒருவன் போவதென்றால் என்னைப்போல ஆசைப்பட்டுத்தான் போவான் என்று நினைத்துவிட்டாய். நம் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். மாற்றான் கூரையின் கீழ் மூன்று தலைமுறை இருந்துவிட்டு அதை வீடு என்று சொல்லிப் பழகியவர்கள்.

நான் உன்னிடம் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் எவ்வளவு சுலபமாக இருக்கும். மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை கந்தோருக்கு வந்தாய். ஒரு முறை முத்திரை பற்றிக் கேட்க, இன்னொரு முறை சும்மா. இரண்டு முறையும் வாய் வரை வந்தது. "என்ன கந்தோர்க்காரரே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்று கூடக் கேட்டாய். டவுன்காரன் என்று என்னைத் தள்ளினாய் அல்லவா, உன் வரி உன்னையே ஒரு நாள் தள்ளட்டும் என்று ஒரு கெட்ட எண்ணம் உள்ளே குந்திக்கொண்டிருந்தது. துரை அப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவில்லை என்று சேர்த்து எழுதப் பார்த்தேன். எழுதி அடித்துவிட்டேன். நினைத்தேன். அதுதான் உண்மை.

கையெழுத்து நாளன்று ஐயா உறுதியைச் சத்தமாக வாசித்தார். சாட்சிகள் இரண்டு பேர், காதர் நானா, நீங்கள் மூவர். ஆறாம் பிரிவை வாசித்துவிட்டு எல்லாம் விளங்கினதோ என்று உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ஐயாவும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நீ கையெழுத்துப் போட்டாய். அக்கா கைநாட்டு வைத்தாள். விரலில் இருந்த மையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

உறுதியின் ஒரு பிரதி நுவரெலியாவில் காணிப் பதிவகத்துக்குப் போய்விட்டது, பதிவும் ஆகிவிட்டது என்றதும் நீ அதைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாய். பஸ்ஸில் போனோம். அங்கே இருந்த சிங்கள எழுதுவினைஞர் பெரிய புத்தகத்தைத் தூக்கிவந்து ஒரு பக்கத்தைத் திறந்தார். "மகே நம கோ, மாத்தயா?" என்றாய் நீ, என் பேர் எங்கே என்று. அவர் விரல் வைத்துக் காட்டினார். நீ தொப்பியைக் கழற்றினாய். உன் பிரஜாவுரிமை விண்ணப்பம் தகுந்த அத்தாட்சி இல்லை என்று திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாட்டுப் புத்தகத்தில் இல்லாத பேர் காணிப் புத்தகத்தில் இருந்தது. திரும்பும் வழியில் பஸ் ஏறி இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். 

நல்ல வருஷங்கள் சில இருந்தன, அதை மறுக்கமாட்டேன். காதர் நானா கொடுத்த அந்த வீட்டில் எந்நேரமும் அடுப்பு எரிந்தது. கந்தப்பளையிலிருந்துகூட ஆட்கள் வந்து தங்கினார்கள். மதகுக் கட்டையில் யாரும் உட்காரவில்லை.

பிறகு அந்தக் காலை. நிறைமாதப் பெண் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லொறி கேட்டுப் பெரட்டுக் களத்தில் நின்றாய். துரை முடியாது என்றான். நீ மலைக்கு ஒருவரும் போகமாட்டோம் என்றாய். லொறி வந்தது, பிள்ளையும் பிழைத்தது. அந்த வாரமே வேலையாட்கள் பேரேடான செக்ரோலிலிருந்து உன் பேரை வெட்டினார்கள். காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். சங்கம் வழக்குப் பேசிப் பார்த்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஐயா என்னைத் தனியே கூப்பிட்டு, அன்றைக்குக் கூட்டாளியிடம் சொன்னீரோ என்று கேட்டார். சொன்னேன் ஐயா என்றேன். அது முதல் பொய்.

ஒரு வழி இருந்தது. உன் தங்கை உடப்புசல்லாவையில் லயத்தில்தான் இருந்தாள். அங்கே போய் இரு, அதுவும் லயம்தானே, நான் அப்படியே எழுதிவிடுகிறேன் என்று உன்னிடம் மன்றாடினேன். உனக்காக என்று நீ நினைத்திருப்பாய். எனக்காகத்தான்.

"தங்கச்சி வீட்டு மூலையில ஒண்டிக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு குடியிருக்கிறதாடா? எழுதினது எழுதினதுதான். எனக்கொரு எழுத்து, ஊருக்கொரு எழுத்தா?"

உன் இடத்துக்கு வேறு ஆளை நியமித்துப் பத்திரம் எழுதியதும் நான்தான். நீயே வந்து கையெழுத்துப் போட்டாய். வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக் கேட்டாய்.

"ஒண்ணு கேக்கிறேன். இதுல இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாது."

"சரி. தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்ப."

நான் சொன்ன அந்தத் 'தெரியாது' இரண்டாவது பொய். நீ அதை நம்பித்தான் சொன்னாயா, அல்லது எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாயா? இத்தனை வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நாள் இப்படித் தெரிகிறது, ஒரு நாள் அப்படி. நீ தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தாய். என்னைக் கொடுக்க விடவில்லை. சில மாதம் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, நீ ஒரு நாளும் பார்த்திராத ஊருக்கு, தங்கை குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினாய்.

உன் ஆறாம் பிரிவு முழு முட்டாள்தனம் என்றும் சொல்லமுடியாது. நீ போனபின் டவுன் முதலாளி ஒருவர் பொறுப்பில் நுழையப் பார்த்தார். வீட்டு முன்பக்கத்தைக் கடையாக்கும் எண்ணம். ஐயா உறுதியை எடுத்து, நீங்கள் எந்த லயத்தில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆள் திரும்பி வரவில்லை. எங்கள் கந்தோரில் எழுதிய வேறு தர்ம சாதனங்கள் சில, அப்பனிடமிருந்து மகனுக்கு மாறி, குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டன. உன்னுடையது யார் கையிலும் தங்கவில்லை. மாடசாமி வயதாகிக் காம்பராவை விட்டான், பொறுப்பையும் விட்டான். வருகிறவர்கள் போகிறவர்கள்தான். வீடு மட்டும் நிற்கிறது. இதைச் சொல்லி எனக்கு நானே சமாதானம் தேடுகிறேன் என்று நினைக்காதே. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இன்று அக்கா கூட்டிக்கொண்டு வந்த பெண்ணின் பேர் பொன்னம்மா. கொழுந்தெடுக்கிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பேனாவை அவளிடம் கொடுப்பதற்கு முன், ஆறாம் பிரிவை வாசித்துக் காட்டினேன். பிறகு ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன். துரை உன்னை வேலையை விட்டு நிறுத்தினால் காம்பரா போகும், அன்றே இந்தப் பொறுப்பும் போகும், நல்லது செய்யப் போய்த்தான் அது நடக்கும், யோசித்துக் கையெழுத்துப் போடு என்றேன். நீ போன நாளிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

"தெரியும்ங்க," என்றாள் அவள். "அக்கா சொன்னிச்சு, மொதத் தலைவரு அப்படித்தான் போனாருன்னு. அவர் லொறி கேட்டது எங்கம்மாவுக்குத்தாங்க. தம்பி இப்ப ஸ்கூலுக்குப் போறான்."

கையெழுத்துப் போட்டாள். கைநாட்டு இல்லை, முழுப் பேர். அவர்கள் போனபின் முடிச்சை அவிழ்த்துப் பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதுத் தூள் வைத்துக் கட்டி, குழாயை மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வாள். கொட்டிய தூள் ஒரு காகிதத்தில் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், சொல்லவேண்டிய ஆளைத் தவிர. ஆகவே, மச்சான், கேள். நொத்தாரிசு ஐயா உன்னிடம் ஒரு சேதி சொல்லச் சொன்னார். லயம் தோட்டத்துக்காரனுடையது. இப்படி எழுதினால் துரை நினைத்த நேரம் உன்னைத் தூக்கிவிடலாம். யோசித்துக் கையெழுத்துப் போடு.

எனக்கு அன்றைக்கே தெரியும்.